நான் சேர்த்த ஒரு வாக்கியம்

பிரசங்க மேடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளனுக்கு யோசிக்க நேரம் கிடையாது. பிரசங்கியார் தெலுங்கில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார். அவர் அடுத்ததைத் தொடங்குவதற்குள் நான் தமிழில் சொல்லி முடித்தாக வேண்டும். யோசித்தால் தாமதம். தாமதித்தால் அவருக்கு ஓட்டம் தடைபடும், சபையில் இருமல் கேட்கும். அதனால் பல ஆண்டுப் பழக்கத்தில் வாய் தானாகவே சொற்களை எடுத்துக் கொடுத்துவிடும். சங்கமு என்றால் சபை. பெத்தலு என்றால் மூப்பர். விசுவாசமு என்றால் விசுவாசம். லோபடு என்றால் கீழ்ப்படி.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில், என் வாய் ஒரு முழு வாக்கியத்தையே தானாக எடுத்துக் கொடுத்துவிட்டது. பிரசங்கியார் அதைச் சொல்லவில்லை. அவர் விரித்து வைத்திருந்த வேதபகுதியிலும் அது இல்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டு ஓர் இளைஞன் சபைக்கு வருவதை நிறுத்தினான். விசுவாசம், கீழ்ப்படிதல், சபை வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றி மற்றவர்கள் பேசியதை எத்தனையோ ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருகிறேன். அவற்றைப் பற்றி நானாக ஏதாவது கற்றிருந்தால் அது அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான்.

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. எங்கள் ஊரில் இது அதிசயமல்ல. 1911-ல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆற்காடு மாவட்டத்துக்கே இதுதான் தலைநகரம். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சித்தூர் அங்கேயே நின்றது. கோடுகள் நகர்ந்தன, மனிதர்கள் இருந்த இடத்திலேயே இரண்டு மொழியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்தவமும் இங்கே இரண்டு மொழிகளில்தான் வேரூன்றியது. ஸ்கட்டர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலூர், ஆரணிப் பக்கம் தமிழிலும் மதனப்பள்ளிப் பக்கம் தெலுங்கிலும் ஊழியம் செய்தது. திருப்பதிக்கு ஜெர்மனியிலிருந்து ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் வந்தது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சிறுவயதில் படித்தது திருப்பதியில் அந்த மிஷன் நடத்திய பள்ளியில்தான். பிறகு ஆற்காடு மிஷனின் வேலூர் ஊரீஸ் கல்லூரிக்குப் போனார். மலையடிவாரத்து ஊரில் மிஷன் பள்ளியும் இருந்தது, அதில் படித்த பிள்ளை இந்து தத்துவத்துக்கு உலக அளவில் விளக்கம் சொன்னவராகவும் ஆனார். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த பள்ளிகள் அவை என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நான் போகும் சபை அவ்வளவு பழையதல்ல. குறுக்குத் தெரு ஒன்றில் கீழே ஒரு கூடம், மேலே ஒரு மூப்பரின் குடும்பம். பெயர் வேண்டாம். ஆந்திரத்தில் இப்படிப்பட்ட சபைகள் ஏராளம். அவற்றின் பழக்கவழக்கங்களுக்குப் பின்னால் பக்த் சிங்கின் செல்வாக்கு உண்டு. 1903-ல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். படிக்க இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் போனவர், கிறிஸ்தவராகத் திரும்பி வந்தார். 1941-ல் சென்னையில் 'யெகோவா ஷம்மா' என்ற கூட்டத்தைத் தொடங்கினார். பின்னர் ஹைதராபாத்தில் 'எப்ரோன்' அவருடைய இருப்பிடமாயிற்று. 2000-ல் அங்கேயே காலமானார். வெளிநாட்டு மிஷன் போர்டு தேவையில்லை, அந்தந்த ஊர்ச் சபையை அந்தந்த ஊர் மூப்பர்களே நடத்தட்டும் என்பது அவர் போதனை. அப்போஸ்தலர் நடபடிகள் 2-ம் அதிகாரம் சொல்லும் உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகிய நான்கும் போதும் என்பார். எங்கள் சபை அவர் நிறுவியதல்ல. ஆனால் நடைமுறை பெரும்பாலும் அதுதான்.

ஆராதனை முடிந்ததும் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்பின் விருந்து என்று பெயர். பெயர்தான் விருந்து. சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர். ஆனாலும் இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சபைக்குள் சாதி இருக்கக் கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் கடிதம் எழுதியபோது தஞ்சாவூர்ப் பக்கம் பல குடும்பங்கள் சபையை விட்டே விலகின. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரிகள், ஒருவர் சாதியை உண்மையிலேயே விட்டுவிட்டாரா என்று அறிய ஒரு சோதனை வைத்தார்கள். எந்தச் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவரோடும் அவர் சேர்ந்து சாப்பிடுவாரா? இந்த மண்ணில் கீழ்ப்படிதல் சோற்றுப் பந்தியில் சோதிக்கப்பட்டது. எங்கள் கூடத்துப் பாயில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை என்றால், அதற்குப் பின்னால் அவ்வளவு சண்டை இருக்கிறது.

சபையில் பெரும்பாலோர் தெலுங்கர்கள். தமிழ்க் குடும்பங்கள் சுமார் முப்பது. சித்தூர், திருத்தணி, காட்பாடிப் பக்கங்களிலிருந்து லாட்ஜ் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் தையல் வேலைக்கும் திருப்பதி வந்தவர்கள். ஆண்கள் சீக்கிரம் தெலுங்கு பழகிவிடுவார்கள். பெண்களில் பலருக்கு இருபது ஆண்டு இருந்தும் காய்கறிக் கடைத் தெலுங்குதான். அவர்களுக்காகத்தான் நான். வாரத்தில் ஆறு நாள் செய்தி மொழிபெயர்ப்பு, ஞாயிறன்று பிரசங்க மொழிபெயர்ப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், திருப்பதி தனி மாவட்டம் ஆகாத காலம். கூடத்தின் தகரக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டார்கள். எல்லாரும் கொடுத்தார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் மாதம் நூறு, இருநூறு என்று கொடுத்தார்கள். ஒருவர் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பணம் முழுவதும் மூத்த மூப்பர் கையில். தளம் போட்டு முடிந்தது. கணக்கு மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது ஒரு தமிழ்ப் பையன் கேட்டான். லாட்ஜ்களில் வயரிங் வேலை செய்பவன். இருபத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, தளத்துக்கு எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு ஆச்சுன்னு ஒருநாள் படிச்சுட்டா நல்லாயிருக்கும்."

மூப்பர் பதில் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர்கள்தான் சொன்னார்கள். நேற்று வந்தவன், விசுவாசம் இல்லாதவன், ஊழியக்காரனைக் கணக்குக் கேட்கிறவன். பையனின் அம்மா அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த ஞாயிறு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். இந்த விஷயம் அவர் காதுக்கு எப்படிப் போயிற்றோ, எபிரெயர் 13-ம் அதிகாரத்தில் சபையை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிவது பற்றிய வசனத்தை எடுத்துக்கொண்டார். மிதமாகத்தான் பேசினார். ஓரிடத்தில், "பெத்தல மாட வினாலி" என்றார். பெரியவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். மூப்பர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் அந்த அம்மாவும் பையனும். நான் மைக்கில் சொன்னேன்: "மூப்பர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும். எதிர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது."

இரண்டாவது வாக்கியம் என்னுடையது.

ஏன் சேர்த்தேன்? அந்த மூப்பருக்கு நான் கடன்பட்டவன். என் அப்பா வேலூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தபோது, முதல் பஸ் பிடித்து வந்து, நான் தூங்கட்டும் என்று பகல் முழுவதும் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர் அவர். அப்பா போன அன்று பெட்டிக்கு ஏற்பாடு செய்ததும் அவர்தான். அப்படிப்பட்டவர் பணத்தைத் தொட்டிருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நினைக்கிறவன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் கடவுளின் வார்த்தையாக என் வாயிலிருந்து வந்தது. நான் வேலை பார்க்கும் பத்திரிகையில், அமைச்சர் சொல்லாத ஒரு வாக்கியத்தை அவர் பேச்சில் நான் சேர்த்திருந்தால் மறுநாள் எனக்கு வேலை இருந்திருக்காது. பிரசங்க மேடையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தெலுங்கு தெரிந்தவர்கள் தமிழைக் கவனிக்கவில்லை. தமிழைக் கேட்டவர்களுக்குத் தெலுங்கு தெரியாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பையன் மறுவாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அம்மா மட்டும் வந்து தூணருகே உட்கார்ந்துவிட்டு, பந்திக்கு நிற்காமல் போய்விடுவார். ஏழெட்டு மாதம் கழித்துத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். சித்தூர் பஸ் கிளம்ப நேரமிருந்தது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பெரிய மனுஷன் தோரணையில், "ஏம்ப்பா, ஒரு வார்த்தைக்கா கோவிச்சுக்கிட்டு சபைக்கு வராம இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, அவர் அந்த வார்த்தையச் சொல்லலையே. எனக்குத் தெலுங்கு நல்லா வரும். அம்மாவுக்குத்தான் வராது."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"மூப்பர் ஐயா பணம் எடுத்தாருன்னு நான் நினைக்கவே இல்லண்ணா. அம்மா தோட்டைக் கொடுத்துச்சு. அது எந்தக் கம்பியாச்சு, எந்தச் செங்கல்லாச்சுன்னு தெரிஞ்சா அம்மாவுக்கு சந்தோஷமா இருக்குமேன்னு கேட்டேன். நீங்க சொன்னதைக் கேட்டதிலேருந்து, அது சாமியே சொன்னதுன்னு நம்பிக்கிட்டு, எனக்காக மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கு."

சித்தூருக்கு எழுபது கிலோமீட்டர். சந்திரகிரிக் கோட்டை, பூதலப்பட்டு, காணிப்பாக்கம் பிரிவு எல்லாம் ஜன்னலில் வந்து போயின. எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு மொழி வேதாகமத்தையும் எடுத்து, அந்த வசனத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அவ்வளவு ஆண்டு மொழிபெயர்த்தும் நான் செய்யாத காரியம் அது.

தமிழில் இருப்பது 'கீழ்ப்படிந்து', 'அடங்கி' என்ற பொருளில் இரண்டு சொற்கள். இரண்டும் கீழே இறங்குகிற சொற்கள். தெலுங்கில் முதலில் வருவது 'மாட வினி'. அதாவது பேச்சைக் கேட்டு. பிறகுதான் லோபடு. 'லோ' என்றால் உள்ளே. தமிழ்ச் சொல் ஒருவனைப் படியில் கீழே நிறுத்துகிறது, தெலுங்குச் சொல் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. மூலக் கிரேக்கத்தில் அந்த இடத்தில் உள்ள வினைக்கு, எடுத்துச் சொன்னதை ஏற்று இணங்குதல் என்பதே அடிப்படை. பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் நிருபத்தில் வரும் கிரேக்கச் சொல் வேறு. அதற்குள் கேட்டல் என்ற வினை இருக்கிறது. எபிரேயத்தில் 'ஷமா' என்ற ஒரே சொல்தான் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும்.

இதற்கு நான் எபிரேயம்வரை போயிருக்க வேண்டியதில்லை. 'சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான்' என்று நம் அம்மாக்கள் சொல்லும்போது காதைப் பற்றியா சொல்கிறார்கள்? தமிழில் கேள் என்றால் செவிகொடு, சொன்னபடி நட, வினவு, இந்த மூன்றும்தான். திருக்குறளில் 42-வது அதிகாரத்துக்குப் பெயர் 'கேள்வி'. வள்ளுவர் அங்கே சொல்வது சான்றோர் சொல்வதைக் காதால் கேட்டு அறிவதை. இன்று அதே சொல்லுக்கு வினா என்று பொருள். எம்.ஏ.யில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். மேடையில் மட்டும் ஒரு கேளைக் கொண்டு இன்னொரு கேளை அடைத்தேன்.

ஆபிரகாம் கீழ்ப்படிதலுக்கு உதாரணம் என்பார்கள். அதே ஆபிரகாம்தான் சோதோமுக்காகக் கடவுளிடம் ஐம்பது பேரில் தொடங்கிப் பத்து பேர்வரை பேரம் பேசினவர். மரியாளும் தூதனிடம் முதலில் இது எப்படி நடக்கும் என்று கேட்டாள், பதிலைக் கேட்டாள், பிறகுதான் சம்மதித்தாள். கேட்காமல் தலையாட்டுகிறவர்களை வேதம் பெரிதாகக் கொண்டாடவில்லை.

அந்த வசனத்தில் இன்னொன்றும் இருந்தது. நடத்துகிறவர்களுக்கு ஏன் இணங்க வேண்டும் என்பதற்கு அங்கேயே காரணம் சொல்லப்படுகிறது. தமிழில் 'உத்தரவாதம்' என்று இருக்கும் அந்த இடத்தில் தெலுங்கில் உள்ள சொல் 'லெக்க'. கணக்கு! மூப்பர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்பதுதான் காரணம். அது ஆத்துமாக்களுக்காகக் கடவுளிடம் ஒப்புவிக்கும் கணக்கு, சிமெண்ட் மூட்டைக் கணக்கல்ல. உண்மைதான். ஆனால் கணக்குக் கேட்ட பையனின் வாயை எந்த வசனத்தை வைத்து அடைத்தேனோ, அதன் நடுவில் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. பணக் கணக்கில்கூட பவுல் கவனமாகத்தான் இருந்தார். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆளைக் கூட அழைத்துக்கொண்டு போனார். யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக என்று இரண்டாம் கொரிந்தியரில் அவரே எழுதுகிறார். பவுலை நம்பாமலா? நம்பிக்கை கெட்டுப்போகாமல் இருப்பதற்காக.

விசுவாசம் என்ற சொல்லும் அன்றிரவு உறுத்தியது. தமிழிலும் தெலுங்கிலும் அதற்கு எஜமான விசுவாசம் என்றொரு பொருள் உண்டு. நாய்க்குச் சொல்வோம், கட்சித் தொண்டனுக்குச் சொல்வோம். என் நன்றி அந்த ரகத்து விசுவாசமாகத்தான் வேலை செய்திருக்கிறது. வடமொழியில் அந்தச் சொல்லின் வேர் மூச்சு விடுதல். பயமில்லாமல், நிம்மதியாக மூச்சு விட முடிகிற நிலைதான் விசுவாசம். அந்த அம்மா எங்கள் கூடத்தில் ஏழெட்டு மாதமாக அப்படி மூச்சு விட்டிருப்பாரா?

முதல் சபையில் வந்த முதல் முணுமுணுப்பே இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவில்தான். அப்போஸ்தலர் 6-ம் அதிகாரம். கிரேக்கம் பேசும் விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டுப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று புகார் எழுந்தது. புகார் சொன்னவர்கள் விசுவாசமில்லாதவர்கள் என்று அப்போஸ்தலர்கள் சொல்லவில்லை. சபையைக் கூட்டினார்கள். ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்திலேயே சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவும் ஒரு கீழ்ப்படிதல் வேண்டும். அதைப் பற்றி நான் ஒரு பிரசங்கத்தைக்கூட மொழிபெயர்த்ததில்லை.

அந்த வார சனிக்கிழமை மூப்பர் வீட்டுக்குப் போனேன். நான் சேர்த்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு தெலுங்கில், "எனக்காகத்தானே சொன்னாய்?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கு அது வேண்டியிருந்தது. அதனால்தான் நானும் விசாரிக்கவில்லை" என்றார். அவருக்குத் தமிழ் புரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் அன்று இரண்டையும் கேட்டிருக்கிறார்.

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் உள்பக்கத்தில், சிறிய எழுத்தில், திருத்தம் போடுவோம். படிக்கிறவர்கள் குறைவு. சபையில் அப்படிச் செய்ய முடியாது. தவறு சொன்ன அதே இடத்தில், அதே மைக்கில்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிறன்று அறிவிப்பு நேரத்தில் எழுந்து, இன்ன தேதியில் நான் தமிழில் சொன்ன ஒரு வாக்கியம் பிரசங்கியார் சொன்னதல்ல, வேதத்தில் உள்ளதுமல்ல, அது என்னுடையது என்று சொன்னேன். தெலுங்கிலும் சொன்னேன். கால் நடுங்கியது. சபையில் ஒருவர்கூட இருமவில்லை. தூணருகே இருந்த அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூப்பர் எழுந்து மாடிக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். மூன்று நோட்டுப் புத்தகங்களோடு இறங்கி வந்தார். பென்சிலில் எழுதிய கணக்கு. கம்பி, சிமெண்ட், ஜல்லி, தளம் போட்ட அன்று ஆட்களுக்குச் சாப்பாடு. அடுத்த சனிக்கிழமை இரண்டு தெலுங்கர்களும் இரண்டு தமிழர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை சரியாக இருந்தன. சில ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் பில் இல்லை. மணல் லோடு, பில் தரவில்லை என்றார் மூப்பர். நான் நம்பினேன். நம்பாதவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். இரண்டு குடும்பங்கள், மூப்பரை அவமானப்படுத்திவிட்டோம் என்று சொல்லி வேறு சபைக்குப் போய்விட்டன. உண்மையைச் சொன்னால் எல்லாம் சுபம் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை.

பையன் உடனே திரும்பி வரவில்லை. இப்போதும் எல்லா ஞாயிறும் வருவதில்லை. வரும் நாட்களில் பந்தியில் பரிமாறுகிறான். சாம்பார் வாளியோடு என் முன் வரும்போது, "போதுமாண்ணா?" என்று கேட்கிறான். அதில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ கேட்பதுபோல் இருக்கிறது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு கணக்கு படிக்கிறார்கள். மூப்பர் தெலுங்கில் படிப்பார், நான் தமிழில் சொல்வேன். வரவு இவ்வளவு, கரண்ட் பில் இவ்வளவு, ஒரு விதவைக்கு மருந்துக்கு இவ்வளவு. நான் செய்யும் மொழிபெயர்ப்புகளிலேயே எளிதானது அதுதான். எண்களோடு எதையும் சேர்க்க முடியாது.

சென்ற மாதம் படித்து முடித்ததும் தூணருகிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த அம்மாதான். இத்தனை ஆண்டில் அவர் சபையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"மைக்கு ரிப்பேருக்கு ஆயிரத்து எண்ணூறுன்னு படிச்சீங்களே, போன மாசமும் மைக்கு ரிப்பேர்னு வந்துச்சே, ஏன் ஐயா?"

எல்லாரும் சிரித்தார்கள். மூப்பர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் சபைக்காகக் காத்திருந்தார். அந்த அம்மா கேட்டதைக் கேட்டபடி தெலுங்கில் சொன்னேன். ஒரு சொல் கூடவில்லை, குறையவுமில்லை. மூப்பர் நோட்டைப் புரட்டிப் பதில் சொன்னார். அதை அந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.